ஒற்றை இருக்கை விமானம்

பெடாஸ்
3 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

ரோகினி எழுதுகிறேன். நலமா? அம்மா செனவாங் ஃபேக்டரியில் இரவு ஷிப்ட். அப்பா தூங்கிவிட்டார். அவர் இருமினால் விளக்கை அணைத்துவிடுகிறேன், அதனால் எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். திருட்டு மோட்டார் சைக்கிள் சாமான் விற்ற கூட்டத்தில் நீயும் இருக்கிறாய் என்று தெரிந்து, அப்பா உன்னை மோட்டாரில் ஏற்றிப் போலீசில் விட்டுவிட்டு வந்தாரே, அன்று சாயங்காலமே நீ ஒட்டிச் செய்த பொம்மை விமானங்களை எல்லாம் குப்பையோடு போட்டுக் கொளுத்திவிட்டார். எல்லாமே அந்தக் காசில் வாங்கியதுதான் என்றார். நீ பாரோய் கடையில் வேலை செய்த முதல் சம்பளத்தில் வாங்கிய, இன்னும் ஒட்டாத பஃபலோ விமானப் பெட்டியை மட்டும் நான் ஒளித்துவிட்டேன். இப்போது என் பழைய யூனிஃபார்ம்களுக்கு அடியில் இருக்கிறது.

வீட்டில் உன் பெயரை யாரும் சொல்வதில்லை. அந்த விமானத்தை நான் கட்டட்டுமா? மூடியின் உள்பக்கம் நீ பென்சிலில் ஏதோ வரைந்திருக்கிறாய். அது என்ன?

பதிலை என் தோழி ரஷீதா வீட்டு முகவரிக்குப் போடு. அவர்கள் வீட்டுக் கடிதங்கள் அவளுடைய அத்தா மீரா சாஹிப்பின் கடைக்குத்தான் வரும். அவள் பள்ளிக்குக் கொண்டு வந்து தருவாள். இங்கே மட்டும் எழுதிவிடாதே.

உன் தங்கை,
ரோகினி


19 ஆகஸ்ட் 2024

அன்புத் தங்கை ரோகினிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இங்கே ஜெயிலில் கடிதங்களை ஆபீசர் படித்துப் பார்த்த பிறகுதான் தருவார்கள். தமிழ் படிக்கத் தெரிந்தவர் அவர். "விமானம் கட்டுறீங்களா? தப்பிச்சுப் போற பிளானா தம்பி?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

தாராளமாகக் கட்டு. பெட்டியில் உள்ள ஸ்டிக்கர்களை மட்டும் ஒட்டாதே. அவை உண்மையான பட்டாளத்தின் சின்னங்கள். 1941இல் ஜப்பான்காரனைத் தடுக்க பஃபலோக்கள் மலாயாவுக்கு வந்தன, வந்தவற்றில் பெரும்பாலானவை நொறுங்கின. என் கதை வேறு. அதில் ஒரு பஃபலோ தப்பிவிடுகிறது. எஸ்டேட் ஆட்கள் அதை ரப்பர் மரங்களுக்குள் தள்ளிக்கொண்டு போய் மறைத்துவிடுகிறார்கள். அப்பாவின் தாத்தா சன்னாசியைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள் இல்லையா, திரும்பி வரவே இல்லையே, அவர் என் கதையில் பிடிபடவில்லை. 1943இல் அந்த பஃபலோவில் ஏறி, பிடிபட்ட மற்றவர்களை மீட்டுவரப் போகிறார். ஓட்ட எப்படிக் கற்றுக்கொண்டார் என்று கேட்காதே.

நான் வரைந்திருப்பது அதன் நிறங்கள். மேலே ரப்பர் இலைப் பச்சையும் செம்மண் நிறமும். வயிற்றுப் பக்கம் பால் வெள்ளை. சிறகில் ஒரு வட்டம், அதற்குள் ரப்பர் இலை மூன்று. விமானி உட்காரும் கண்ணாடிக்குக் கீழே 'சன்னாசி' என்று எழுத வேண்டும்.

முதலில் செம்மண் நிறம் அடி. காய்ந்ததும் அது தெரிய வேண்டிய இடங்களை மறைத்துவிட்டுப் பச்சை அடி. மறைப்பதற்குக் கடையில் ஒரு திரவம் விற்கிறார்கள். பூசினால் தோல் மாதிரி காயும், பிறகு உரித்து எடுத்துவிடலாம். அதற்காகச் சிரம்பானுக்கெல்லாம் அலையாதே, டேப் போதும்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல். சொல்ல முடிந்தால்.

அண்ணன்,
யோகேந்திரன்


பெடாஸ்
8 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தைக் கொடுக்கும்போது ரஷீதா, "உங்கண்ணன் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு லா" என்றாள். நான் அவளோடு ஒரு நாள் முழுவதும் பேசவில்லை.

விமான உடலின் இரண்டு பாதிகளையும் ஒட்டிவிட்டேன். ஒட்டிய கோடு தெரியாமல் தேய்த்தும் விட்டேன். எருமை என்று பெயர் வைத்தவன் சரியாகத்தான் வைத்திருக்கிறான், அவ்வளவு குண்டு. செம்மண் நிறம் நன்றாக வந்தது.

அடுத்துத்தான் ஒரு தப்பு செய்துவிட்டேன். தோல் மாதிரி காயும், உரிக்கலாம் என்று நீ எழுதியதைப் படித்ததும், இது நம் மரத்துப் பால்தானே என்று தோன்றியது. எஸ்டேட் செம்பனை எண்ணெய்க்கு மாறிய பிறகும் ஆற்றோரம் மிச்சம் இருக்கும் ரப்பரில்தான் அப்பா இன்னும் பால் வெட்டுகிறார். சனிக்கிழமை உதவிக்குப் போனபோது மரத்தில் பால் வடியும் ஒரு மங்கிலிருந்து மருந்து பாட்டிலில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு வந்தேன். சாயங்காலம் திறந்தால் பாதி உறைந்து கட்டியாகிவிட்டது. இருந்தாலும் பூசினேன். உரிக்கும்போது இடது சிறகில் நிறமும் சேர்ந்து வந்துவிட்டது. வெறும் பிளாஸ்டிக் தெரிகிறது.

அதைவிடப் பெரிய பயம் நாற்றம். கட்டிப்பால் புளித்த வாடை அறை முழுக்க அடிக்கிறது. ஜன்னலைத் திறந்து வைத்தேன், பவுடர் கொட்டினேன், போகவில்லை. முப்பது வருடமாகப் பால் வெட்டுகிறவர் மூக்குக்கு அது தெரியாமல் இருக்குமா? நேற்று அப்பா என் கதவருகே ஒரு நிமிடம் நின்றார். பிறகு போய்விட்டார். இதையும் எரித்துவிட்டால் உன்னுடையது என்று வீட்டில் எதுவுமே இருக்காது.

நவம்பர் 14 உன்னை விடுகிறார்கள் என்று அம்மா காலண்டரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். நேராக வீட்டுக்குத்தானே வருவாய்?

ரோகினி


25 செப்டம்பர் 2024

அன்புத் தங்கைக்கு,

சிறகைப் பற்றிக் கவலைப்படாதே. மெல்லத் தேய்த்து மறுபடி அடி. கொஞ்சம் தெரிந்தாலும் அழகுதான், சண்டைக்குப் போன விமானம் புதுச் சட்டை போட்டுக்கொண்டா இருக்கும்? ரப்பர் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு இத்தனை வருடமாக இந்த யோசனை வரவில்லை. அந்தத் திரவத்துக்குக் கடைக்காரனிடம் காசைக் கொட்டிக் கொடுத்தேன்.

நீ கேட்டதற்குப் பதில் எழுதத்தான் நாளாகிவிட்டது. நான் வீட்டுக்கு வரவில்லை ரோகினி. கூட இருந்த ஒருவரின் மாமா ஜோகூரில் லாரிப் பட்டறை வைத்திருக்கிறார், தங்க இடமும் தருவதாகச் சொல்கிறார். கேட்டிலிருந்து நேராக பஸ் பிடித்துவிடுவேன். அப்பா மேல் எனக்குக் கோபம் இல்லை, அதை நம்பு. ஆனால் நான் வாசலில் நிற்க, அவர் பேசாமல் உள்ளே போக, அதை நீ பார்க்க வேண்டாம்.

விமானத்தை நீயே வைத்துக்கொள். பயமாக இருந்தால் ரஷீதா வீட்டில் கொடுத்து வை.

அண்ணன்


பெடாஸ்
12 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது.

வியாழக்கிழமை பள்ளி விட்டு வந்து பார்த்தால், என் மேசை மேல் ஒரு மைலோ டின். உள்ளே தண்ணீராகப் பால். மூக்கைப் பொசுக்கும் அமோனியா வாடை. உறையாமல் இருக்க எஸ்டேட் பால் ஸ்டோரில் கலப்பார்களே, அதே மாதிரி. பக்கத்தில் என் யூனிஃபார்ம்களுக்கு அடியில் இருந்த பெட்டி, பெட்டிக்கு மேல் விமானம். ஒன்றும் உடைந்திருக்கவில்லை.

நான் சமையலறைக்குப் போகவே பயந்து, பசியோடு அறையிலேயே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அப்பாதான் வந்தார். கட்டிலில் உட்கார்ந்து விமானத்தைக் கையில் எடுத்தார்.

"அமோனியா போடாத பால் நிக்குமா? இது கூடத் தெரியாதா உனக்கு?"

பெட்டியின் மூடியைத் திருப்பிப் பார்த்தார்.

"அவன்தான் சொல்லித் தர்றானா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அடிப்பார் என்று நினைத்தேன். மூடியில் நீ வரைந்ததைக் காட்டி இது என்ன என்று கேட்டார். சன்னாசி தாத்தா கதையைத் திக்கித் திக்கிச் சொன்னேன். அவர் விமானத்தைத் திருப்பிக் கண்ணாடிக்குள் பார்த்தார்.

"இதுல எத்தனை சீட்டு?"

"ஒண்ணுதான்ப்பா."

"அப்ப இவரு போயி யாரை ஏத்திக்கிட்டு வருவாரு?"

அவர் எழுந்து போய்விட்டார். மறுநாள் காலையில் சாப்பிடும்போது, "கேட்டு எழுது" என்று மட்டும் சொன்னார். உன் பெயரைச் சொல்லவில்லை. ஆனாலும் உன்னைத்தான் கேட்கச் சொன்னார்.

சீக்கிரம் பதில் போடு. இனி நம் வீட்டுக்கே போடலாம் என்று நினைக்கிறேன். எதற்கும் ரஷீதா வீட்டுக்கே போடு.

ரோகினி


26 அக்டோபர் 2024

அன்புத் தங்கைக்கு,

ஒரு சீட்டுதான். இத்தனை வருடமும் அந்தக் கதைக்கு நிறம் யோசித்தேனே தவிர, இதை யோசிக்கவில்லை. பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஆபீசரிடம்கூடக் கேட்டேன், அவர் கையை விரித்துவிட்டார்.

அப்பாவிடம் இப்படிச் சொல். சண்டை விமானம் யாரையும் ஏற்றாது. அது மேலே காவலுக்குப் பறக்கும். கீழே ரோட்டில் லாரி வரும். ஆட்கள் எல்லாரும் லாரியில்தான் வீடு திரும்புவார்கள். லாரியை ஓட்டி வருவது யார் என்று என் கதையில் நான் இன்னும் எழுதவில்லை.

யோகேந்திரன்


பெடாஸ்
3 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மாவும் ஷிப்டுக்குக் கிளம்பியவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே நின்று கேட்டார். கடைசி வரியை அப்பா இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.

பிறகு, "லாரி எதுக்கு? மணியத்தோட வேன் இருக்கு" என்றார்.

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான்தானே கொண்டுபோய் விட்டேன். நான்தான் போய்க் கூட்டிட்டு வரணும்." அம்மாவுக்கு அன்று பஸ் தவறிப்போய்விட்டது. அப்பாதான் மோட்டாரில் கொண்டுபோய் விட்டார்.

பக்கத்து வீட்டு மணியம் மாமாவிடம் பேசியாகிவிட்டது. வேனில் ஏழு சீட்டு. வைப்பர் வேலை செய்யாது, மழை வந்தால் துடைக்க அப்பா ஒரு பழைய துண்டை இப்போதே உள்ளே போட்டுவிட்டார். ஜோகூர் வேலையைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. போவதாக இருந்தால் வேனில் வரும்போது நீயே சொல்லிக்கொள். ஆனால் அன்று பஸ் ஏறிவிடாதே. அவர் கேட் வாசலில் நிற்பார்.

விமானம் முடிந்துவிட்டது. இந்த முறை பால் ஒரே தோலாக உரிந்து வந்தது, பச்சைக்கும் செம்மண்ணுக்கும் நடுவே கோடு அவ்வளவு சுத்தம். இடது சிறகில் ஒரு தழும்பு இருக்கிறது, விட்டுவிட்டேன். இலைகள் மூன்றும் ஒரே அளவில் வரவில்லை. கண்ணாடிக்குக் கீழே மட்டும் இன்னும் வெறுமையாக இருக்கிறது. சன்னாசி என்று எழுதப் போனேன், அப்பா, "அவன் வந்து எழுதட்டும்" என்றார்.

இதை மாலையில், விளக்குப் போட்டு, கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா எதிரில் பேப்பர் படிக்கிறார்.

உன் தங்கை,
ரோகினி