வால்வில் தொங்கும் என் பூட்டு

அன்புள்ள சுண்டுவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன், இல்லாவிட்டாலும் இருப்பதாகவே பதில் போடுவாய் என்று தெரியும். முதலில் முக்கியமான செய்தி. நம் வீட்டில் நெடுநாள் ஆலோசனைக்குப் பிறகு ஒரு தீர்மானம் நிறைவேறியிருக்கிறது: துணி காயப்போடும் கொடி இனி கிழக்குப் பக்கம் இல்லை, மேற்குப் பக்கம். அப்பா கடுமையாக எதிர்த்தார், மேற்கில் தையல்காரர் வீட்டு ஜன்னல் இருக்கிறது, நம் துணிகளின் வயதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும் என்றார். தன் பனியன்களைத்தான் சொல்லியிருக்க வேண்டும். வாக்கெடுப்பு நடந்தது, இருவர் கலந்துகொண்டோம், நான் ஜெயித்தேன். காரணம் சுரங்கத்துத் தூசி. பழுப்பு நிலக்கரியை எரிக்காமல், பெரிய கலத்தில் அடைத்துச் சூடேற்றி ஹைட்ரஜன் எடுக்கும் ஆலை வந்தால் ஊரே பளிச்சென்று ஆகிவிடும் என்றார்கள். ஆலை வந்தது. தூசிக்கு அந்தச் செய்தியை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

உன் கடிதம் கிடைத்தது. எங்கள் ஹைட்ரஜன் கப்பல் வந்து சேரும் துறைமுகத்தில், வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டும் வேலை உனக்கு என்பதில் எனக்குப் பெருமைதான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தபோது, இதைத் தயாரிக்கையில் வரும் கரியமில வாயுவையெல்லாம் எங்கம்மாதான் பிடிச்சு பூமிக்கு அடியில புதைக்கிறாங்க என்று சொன்னாயாமே, பிள்ளைகள் கைதட்டினார்களாமே. நீ சொன்னதில் பாதி சரி. பிடிக்கிறோம். வாயுவைக் கழுவிப் பிரித்து அழுத்தி டேங்கில் சேர்க்கிறோம், அதில் குறையே கிடையாது. அங்கிருந்து கடலுக்கு அடியில் இருக்கும் பழைய எரிவாயுக் கிணற்றுக்குக் கொண்டுபோகும் குழாயைத்தான் இன்னும் போடவில்லை. போடவில்லை என்று சொல்லக் கூடாது, இரண்டாம் கட்டம் என்று சொல்ல வேண்டும். டேங்கில் இரண்டு நாள் வாயுதான் கொள்ளும். நாளைக்குப் பிடிக்க வேண்டுமானால் இன்றைக்குப் பிடித்ததைக் காலி செய்தாக வேண்டும் அல்லவா, அதனால் தினமும் சாயங்காலம் ஷிப்ட் முடியும்போது நான் கைவால்வைத் திறந்து, பிடித்ததையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடுவேன். இந்த வேலைக்கு ஆலையில் தயார்நிலை என்று பெயர். வாசலில் 'இதுவரை பிடித்த கரியமில வாயு' என்று ஒரு மின்பலகை ஓடுகிறது. அதற்குக் கூட்டல் மட்டும்தான் தெரியும், கழித்தல் சொல்லித்தரவில்லை. பிடித்த எலியை எண்ணிவிட்டுச் சமையலறையிலேயே விட்டால் எந்த வீடும் எலி வேட்டையில் சாதனை படைக்கலாம்.

எல்லாரையும் போல நானும் திறந்துகொண்டுதான் இருந்தேன், வயிறு என்று ஒன்று இருக்கிறது. ஆனால் என் மகள் வாயால், என் பெயரில், பிள்ளைகளுக்குப் பொய் சொல்வதற்கு நான் சம்பளம் வாங்கவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் வால்வைத் திறக்கவில்லை. என் பூட்டைப் போட்டுப் பூட்டிவிட்டேன். அந்தப் பூட்டைப் பற்றி உனக்குத் தெரியாது. எங்கள் ஆலையில் ஆளுக்கொரு சிவப்புப் பூட்டு, அதற்கு ஒரே சாவி. ஒரு வால்வில் ஒருவர் பூட்டுப் போட்டுவிட்டால் அவரைத் தவிர யாரும் கழற்றக் கூடாது, உள்ளே ஆள் வேலை செய்யும்போது வெளியே யாராவது திருகிவிட்டால் உயிர் போய்விடும் என்பதற்காக வந்த விதி. 'பூட்டியவரே திறக்க வேண்டும்' என்று சுவர் நீளத்துக்கு எழுதியிருக்கிறார்கள். இதை ஒரு தடவைகூட மீறாததற்காகப் போன வருஷம் கேடயம் வாங்கி, அதையும் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். நீ பயப்படாதே, அழுத்தம் மீறினால் தானே திறக்கும் பாதுகாப்பு வால்வு வேறு, அதை நான் தொடவில்லை, அப்பாவும் முதலில் அதைத்தான் கேட்டார். டேங்க் நிறைந்தால் ஆலை தானாக நின்றுவிடும். வாயுவைப் பிடிக்க இடமில்லாமல் ஹைட்ரஜன் தயாரிக்கவே மாட்டோம் என்று வாங்குகிறவர்களுக்குச் சத்தியம் செய்து அப்படி அமைத்ததும் நிர்வாகமேதான்.

மேனேஜர் ஓடி வந்தார். நல்ல பையன், உன் வயதுதான், தலைமுடி மட்டும் இங்கே வந்த பிறகு என் வயதுக்கு வந்துவிட்டது. குழாய் வருகிறவரைக்கும்தானேம்மா, கொஞ்சம் பொறுத்துக்கக் கூடாதா என்று கெஞ்சினார். நான் சொன்னது இவ்வளவுதான்: "வாசல்ல இருக்கிற போர்டைக் கழட்டுங்க சார், இந்த நிமிஷமே பூட்டைக் கழட்டுறேன். விடுறோம்னு சொல்லிட்டு விடுறதுல எனக்கு வெக்கம் இல்ல." போர்டு தன் கையில் இல்லை, மேலிடத்தில் இருக்கிறது என்றார். பூட்டு என் கையில்தான் இருக்கிறது என்றேன். அடுத்த ஷிப்டுக்கு வந்தவர் சைரன், குரலுக்காக நாங்கள் வைத்த பெயர், காதோடு ரகசியம் சொன்னாலும் கேட்டுக்கு வெளியே கேட்கும். அவரிடம் பூட்டை வெட்டச் சொன்னார்களாம். "நாளைக்கு நான் டேங்குக்குள்ள இருக்கும்போது என் பூட்டையும் இப்படித்தான் வெட்டுவீங்களா சார்?" என்று கேட்டாராம். அதைக் கேட்காதவர் ஆலையில் ஒருவரும் இல்லை, அதன் பிறகு கட்டரைத் தொட்டவரும் இல்லை. மறுநாள் காலை விசாரணை வைத்து, ஒழுங்கீனம் என்று என்னை வேலையிலிருந்து நிறுத்தி, கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஆக, பூட்டைத் திறக்கக்கூடிய ஒரே ஆள் இப்போது உள்ளே நுழையக் கூடாத ஆள். இதை அவர்கள் மதியத்துக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். விசிட்டர் பாஸ் தருகிறோம், வந்து திறந்துவிட்டுப் போங்கள் என்று வீட்டுக்கு ஆள் வந்தது. விசிட்டர்கள் எந்தக் கருவியையும் தொடக் கூடாது என்று அந்தப் பாஸின் பின்னால் அச்சடித்திருந்ததை வாசித்துக் காட்டினேன். வந்தவர் சிரித்துவிட்டார், பிறகு தான் வேலையில் இருப்பது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்.

அப்பா முதலில் குதித்தார். இந்த வயசுல உனக்கு வேற வேலை யாருடி குடுப்பா, என் ஸ்கூல் வேன் வருமானத்துல ரெண்டு பேர் சாப்பிடலாம், ஆனா அதுல ஒருத்தர் நீ, கொஞ்சம் கஷ்டம்தான் என்றார். சாவி எங்கே என்று கேட்டார். காட்டினேன். அங்கே வேண்டாம், எனக்கே தெரியாத இடத்தில் வை, யாராவது கேட்டால் எனக்குப் பொய் சொல்ல வராது என்றார். அதுதான் அவருடைய சம்மதம், அதைவிட இனிப்பாக அவருக்குச் சொல்லத் தெரியாது. நீ கேட்பாய், என் வேலை என்ன ஆகும் என்று. நியாயமான கேள்வி. உன் வேலை போனால் அது என்னால்தான் போகும், வேறு யார் மேலும் பழி போட மாட்டேன், ஆனால் அதற்காகப் பூட்டைக் கழற்றவும் மாட்டேன். இனி பிள்ளைகள் கேட்டால், எங்கம்மா பிடிக்கிறாங்க, புதைக்க இன்னும் வழி போடலை என்று சொல். அப்படிச் சொல்ல விடாவிட்டால் வாயை மூடிக்கொண்டு கப்பலை மட்டும் காட்டு, பார்க்க லட்சணமான கப்பல்தான். ஹைட்ரஜனோடு எனக்கு எந்தப் பகையும் கிடையாது. குழாயைப் போடட்டும், உண்மையாகவே புதைக்கட்டும், நானே போய்ச் சாவியைக் கொடுத்து அந்தப் போர்டையும் துடைத்து வைக்கிறேன்.

குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. கடைவாய்ப் பல்லைக் காட்டச் சொல்லி எத்தனை தடவை எழுதிவிட்டேன், வலி நின்றுவிட்டது என்று நீ எழுதுவதை நான் நம்பவில்லை. யார் முன்னாலும் கண்ணைத் தாழ்த்தாமல் பேசும்படியாக, நோய்நொடி இல்லாமல் நெடுநாள் இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் மனதார ஆசீர்வதிக்கிறோம்.

இப்படிக்கு,
தற்சமயம் வீட்டிலேயே இருக்கும்
உன் அம்மா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது சைரன் வந்தார். நேற்று சாயங்காலம் டேங்க் நிறைந்து ஆலை நின்றுவிட்டதாம். ஏற்றுவதற்குச் சரக்கு இல்லை. உங்கள் ஊரில் வரவேற்புக்கு நாள் குறித்தாகிவிட்டதால், இன்று காலை கப்பல் காலியாகக் கிளம்பியிருக்கிறது.