இரண்டாவது பற்றரி

வெள்ளி, இஷாத் தொழுகைக்குப் பின்.

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. லொறி நிற்கும்போதும் பின்னாலுள்ள பிரிஜ் ஓடட்டும் என்று இரண்டாவது பற்றரியை நானே பூட்டினேன். எஞ்சின் நின்றதும் இரண்டையும் பிரித்துவிட ஒரு ரிலேயும் வைத்தேன். ஸ்டார்ட் பண்ணும் பற்றரியில் பிரிஜ் கை வைக்காது.

நேற்று மாலையே கொழும்பு ஹோட்டலுக்கான இறாலை ஏற்றி ஆலங்குடாவில் நிறுத்தினோம். இன்று ஜும்ஆத் தொழுகை முடிந்து சாவியைத் திருப்பினால் டிக் என்ற சத்தம் மட்டும். திறந்து பார்த்தேன். ரிலேயைத் தாண்டி ஒரு வயர், இரண்டு பற்றரியையும் ஒரேயடியாகச் சேர்த்திருந்தது; பிரிஜ் இரவோடிரவாக இரண்டையும் உறிஞ்சிவிட்டது. மனைவியின் தம்பி றிஸ்வானின் வேலை.

"ரெண்டும் ஒண்டா இருந்தா பிரிஜ் நிக்காதுண்டு நெனச்சன், மச்சான்."

பள்ளிவாசலிலிருந்து வந்தவர்கள் வெள்ளைச் சட்டையோடு தள்ளினார்கள். மணலில் சக்கரம் புதைந்ததுதான் மிச்சம். வேறு பற்றரி வந்து லொறி உயிர்பெறும்போது பின்னேரத்து அஸர் பாங்கு. கொழும்பு ஹோட்டல்காரர் அதற்குள் வேறிடத்தில் வாங்கிவிட்டார்.

றிஸ்வான் பிரிஜ்ஜைத் திறந்து காட்டினான். "பாருங்க மச்சான், ஒண்டும் பழுதாகல்ல."

பழுதாகியிருந்தால் வாய் நிறைய ஏசியிருப்பேன். இரவுக்கு அந்த இறால்தான் கறி. மனைவி தம்பிக்கு இரண்டாம் தரமும் அள்ளி வைத்தாள்.