சரோஜாவுக்கு எந்தக் கம்பு?

அன்புள்ள குமரேசா,

நாளை மறுநாள் ஞாயிறு. நீ கண்ணை மூடிய பிறகு முதல் தடவையாக நம் ஆட்கள் எல்லோரும் காப்பார் கரையிலிருந்து படகில் மீன்பிடிக்கப் போகிறோம். உன் இடத்தில் உன் மனைவி உட்காரப் போகிறாள். "அவர் இடம் சும்மா போகக்கூடாதுண்ணே" என்று சரோஜா சொன்னபோது சரி என்றுவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடலை நினைத்து அல்ல. அவள் கொண்டுவரப் போவது உன் தூண்டில் கம்பு.

நுனி மட்டும் வளையும் விறைப்பான கம்புதான் உனக்கு. எனக்குப் பாதிவரை வளைந்து கொடுக்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் நாம் போட்ட சண்டைக்குப் பக்கத்து மேசைக்காரர்கள் தட்டோடு எழுந்து போயிருக்கிறார்கள். மீன் தொட்டதும் கைக்குத் தெரிய வேண்டும் என்பாய். தெரியும்தான். ஆனால் அலையில் படகு எழும்போது விறைத்த கம்பு மீனையும் வெடுக்கென்று இழுக்குமே! கெலாமா மீனுக்கு மெத்தென்ற வாய். கிழிந்து, தூண்டில் முள் கழன்றுவிடும்.

முதல் தடவை வருகிறவளுக்கு எல்லா மீனும் கழன்று போனால்? உன் கம்பு படகுக்குச் சரிவராது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? உன் முகத்துக்கு நேரே ஆயிரம் தடவை சொன்னவன்தான். நீ இல்லாத வீட்டில் வாய் வரவில்லை.

ஈயக்குண்டு வாங்கலாம் என்று சாக்குச் சொல்லி, இன்று காலை கிள்ளானில் தூண்டில் கடைக்கு அழைத்துப் போனேன். உன் கம்பையும் எடுத்து வந்தாள். நான் ஒரு புதுக் கம்பை எடுத்து, எல்லோரையும்போல் காற்றில் ஆட்டிப் பார்த்தேன்.

"சிமெண்டு தரையில நின்னு ஆட்டினா என்னண்ணே தெரியும்? படகு என்ன ரோட்லயா ஓடுது?"

உன் கம்பின் நூல் முனையை என் விரல்களில் கொடுத்தாள். "நீங்கதான் மீன். லேசாப் பிடிங்க." கடை வாசல் படியில் ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். அவள் ஏறும்போதெல்லாம் நூல் என் விரலைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு போனது. புதுக் கம்பை வைத்தும் அதேபோல் ஏறி இறங்கினாள்; நூல் என் விரலிலேயே நின்றது. சீனக் கடைக்காரர் என் தொப்பையைப் பார்த்து, "வாஹ், இக்கான் பெசார் லா!" என்றார். பெரிய மீனாம்.

"அதான் வெறும் ஐஸ் பெட்டியோட வீட்டுக்கு வந்தாரா? நான் கடல்ல மீனே இல்லன்னுல்ல நெனச்சேன்!"

சிரித்தாள். பிறகு உன் கம்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

புதியதை அவள் எடுத்துக்கொண்டாள். உன்னுடையதை என்னிடம் நீட்டினாள். "இது மூலையில நிக்க வேணாம். ஞாயித்துக்கிழமை நீங்க போடுங்க."

இப்போது அது என் வீட்டுச் சுவரில் சாய்ந்திருக்கிறது. எழுதுகிறேன், எழுந்து போய்த் தொட்டுப் பார்க்கிறேன், திரும்பி வருகிறேன். இதை வைத்துக்கொண்டு அந்தச் சில மீனையாவது எப்படியடா பிடித்தாய்? ஒவ்வோர் அலைக்கும் முழங்காலை மடக்கி மடக்கி நிமிர்வாயே, "டான்ஸ் ஆடுறான் பாரு" என்று நாங்கள் கத்துவோமே, அதற்கா? கம்பு வளையாததை நீ வளைந்து சரிக்கட்டினாயா? ஏன் ஒரு நாளும் சொல்லவில்லை?

ஞாயிற்றுக்கிழமை அவள் பக்கத்தில்தான் நிற்பேன். என் கையில் உன் கம்பு இருக்கும். முழங்கால் வலித்தாலும் அலைக்கு அலை மடக்குவேன். சரோஜா கத்தட்டும்.

அவளுக்கு அண்ணன் ஆனதால்
உனக்கு மச்சான்,
ராகவன்