எழுதாத கணக்கு நோட்டு

அன்புள்ள டீச்சர்,

கோமதியின் புதுப் பள்ளிக்கூடத்தில் போன வாரம் எனக்கு ஒரு மானக்கேடு. பெற்றோர் கூட்டத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். உங்கள் பிள்ளை எப்படிக் கற்கிறது: பார்த்தா, கேட்டா, செய்தா என்று மூன்று கட்டம். எதையும் விட்டுவிடக் கூடாது என்று மூன்றிலும் டிக் அடித்துவிட்டேன். காலையில் மரவள்ளிக் குச்சி வெட்டிய கை வேறு. அதன் பால் கறை படிவத்தின் ஓரத்தில் கைநாட்டு மாதிரி ஒட்டிக்கொண்டது.

"ஒண்ணுதான் சார் டிக் பண்ணணும். படிச்சுப் பாக்கலையா?" என்றார் மேசைக்குப் பின்னால் இருந்த மேடம். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் ஒன்பதாவது வரை படித்தவன். பத்தாவதுக்குப் போகாதது பள்ளிக்கூடத்துக்கு நான் செய்த உபகாரம்.

எந்தக் கட்டம் சரி என்பது எனக்குத் தெரியாமல் இல்லை, டீச்சர். அதை நீங்கள் காட்டி நாலு வருஷம் ஆகிறது.

அப்போது கோமதி நாலாவது. திருக்கோவிலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கிற எங்கள் ஊருக்கு வருவீர்கள். ஒரு நாள் கோமதியைக் கூப்பிட வந்தவன் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒருத்தி வாய்ப்பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி தரையில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். என் மகளைக் காணோம். பின்பக்கம் போனால், நடவுக்கு வெட்டி மீந்த மரவள்ளிக் கரணைகளை, அந்தக் குச்சித் துண்டுகளை, மண்ணில் வரிசையாகக் குத்தி, நடுவில் நடந்துகொண்டிருந்தாள்.

"இன்னா டீச்சர், எங்க வூட்டு வேலையவே இங்கயும் செய்யுது?" என்று பக்கத்தில் நின்ற உங்களிடம் கேட்டேன்.

"கணக்கு போடுதுங்கண்ணா. உங்க பொண்ணுக்குக் காலு நடந்தாதான் கணக்கு நடக்கும். உக்கார வெச்சா தூங்கிடும்."

நான் தலையாட்டினேன். எனக்குப் புரியவில்லை. வீட்டில் அவள் கணக்கு நோட்டைப் பிரித்தேன். முதல் பக்கத்தில் பேர், மூன்று பக்கம் கணக்கு, மிச்சமெல்லாம் வெள்ளை. எங்கள் காலத்தில் நோட்டு நிறைந்தால் படிப்பு, நிறையாவிட்டால் அடி. அதற்கு மேல் படிப்பைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

அந்த மாதப் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று அந்த நோட்டைத் தூக்கிக் காட்டினேன். "புதுசாவே கீதுங்க. கடையில திருப்பிக் குடுத்தாக்கூட வாங்கிப்பான்" என்றேன். கூட்டமே சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. இன்னொன்றும் சொன்னேன்: "புள்ளைங்கள கொல்லையில வுட்டுட்டா, டீச்சருக்கு நெழல்ல உக்கார வசதிதான்."

நீங்கள் கோபப்படவில்லை. "இன்னும் ஒரு மாசம் பொறுத்துக்கங்க, அவளுக்கு வந்துடும்" என்றீர்கள். ஹெச்.எம். கேட்கவில்லை. "நாளையிலிருந்து போர்டுல எழுதிப் போடுங்கம்மா. எல்லாம் பாத்து எழுதட்டும். பேரன்ட்ஸ் கேக்கறாங்க இல்ல" என்றார்.

மறுநாளிலிருந்து நோட்டு நிறைய ஆரம்பித்தது. நானும் ஜெயித்த மாதிரி அதில் கையெழுத்துப் போட்டேன்.

தை மாதம் மரவள்ளி நட்டோம். எத்தனை கரணை வெட்டுவது என்று நான் உள்ளங்கையில் பேனாவால் கூட்டிக்கொண்டிருந்தேன். கோமதி வரப்பில் ஒரு பக்கம் நடந்தாள், திரும்பி இன்னொரு பக்கம் நடந்தாள். "வரிசை பதினெட்டு. வரிசைக்கு முப்பது. ஐநூத்தி நாப்பதுப்பா" என்றாள்.

என் கையில் இருந்தது நானூற்று எண்பது. மறுபடி போட்டேன். அவள் சொன்னதுதான் சரி.

"நீ எத்தினாவதுப்பா படிச்ச?"

"ஒம்பதாவது."

"பெயிலா?"

குச்சி வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவள் அம்மா சிரிக்கவில்லை. "டீச்சராண்ட போயி ஒரு வார்த்த சொல்லிட்டு வா" என்றாள். போகலாம் போகலாம் என்று நாளைத் தள்ளினேன்.

பங்குனியில் உங்களுக்கு மாறுதல் வந்துவிட்டது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நீங்கள் பையோடு நின்றீர்கள். நீங்களாகவே வந்து கேட்டீர்கள்: "கோமதிக்குக் கணக்கு வருதுங்களாண்ணா? நான்தான் தப்பா சொல்லிக் குடுத்துட்டனோன்னு மனசுல ஓடிக்கினே இருக்குது. அடுத்த ஸ்கூல்ல போர்டுலயே எழுதிப் போட்டுடலாம்னு இருக்கறன்."

"ஏதோ போய்க்கினு கீதுங்க டீச்சர்" என்றேன்.

அதற்குள் பஸ் வந்துவிட்டது என்று சாக்குச் சொல்லலாம். வரவில்லை. கால் மணி நேரம் நின்றோம். வெயிலைப் பற்றிப் பேசினேன்.

அடுத்த மழைக்காலத்தில் மஞ்சள் காமாலையில் நீங்கள் போய்விட்டதாகச் சேதி வந்தது.

கோமதி இப்போது எட்டாவது. முத்து முத்தான கையெழுத்து. நோட்டெல்லாம் கடைசிப் பக்கம் வரை நிறைந்திருக்கிறது. நேற்று ஒரு பக்கத்தைக் காட்டி, இது என்னம்மா என்று கேட்டேன். "தெரியலப்பா. போர்டுல இருந்துச்சி" என்றாள். வரப்பில் நடந்து பார் என்று வயலுக்கும் கூட்டிப்போனேன். கொஞ்ச தூரம் நடந்தாள். எண்ணிக்கை நடுவில் விட்டுப்போய்விட்டது. வெட்கப்பட்டு நின்றுவிட்டாள். போன வாரம் நான் டிக் அடித்த படிவத்தை அந்த மேடம் கட்டோடு கட்டாகப் பீரோவில் வைத்துப் பூட்டினார். அது வெளியே வரும் என்று நான் நம்பவில்லை.

உங்களுடைய அடுத்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் நினைத்துக்கொள்கிறேன். அவர்களையும் நான்தான் உட்கார வைத்தேன்.

அந்தக் கால் மணி நேரம் முழுக்க வாய்வரை வந்து நான் சொல்லாமல் விழுங்கியது ஒன்றுதான்: அவளுக்குக் கணக்கு வந்துவிட்டது, டீச்சர். நீங்கள் சொல்லிக்கொடுத்த வழியில்தான் வந்தது.