இடிச்சத்தம் சேர்க்காத காட்சி

பீரோவைத் திறந்தேன் அம்மா, அந்துருண்டை வாசத்தோடு அந்த அரக்குப் பட்டு. தோளில் நீ குத்திய ஊக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. என் வீடியோவில் முதலாளியம்மாவாக நடிக்க நீ கட்டிய சேலை.

என் கலைக் கண்காட்சி அறையில் ஓடவிட நான் எடுத்த வீடியோ அது. டிவி சீரியல் மாதிரியே பணக்கார வீடு, வேலைக்காரி, ஒரு குடும்ப ரகசியம்; யாராவது அதிர்ந்தால் முகத்தை மூன்று முறை காட்டி மூன்று முறை இடி. நாமக்கல்லில் நம் வீட்டுக் கூடத்தையே பங்களாவாக்கினேன். வேலைக்காரி வேடம் உனக்கு என்றதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாய்.

"எந்த வேசம் வேணாலும் குடு சாமி. அது மட்டும் வேண்டாம்."

பட்டு கட்டும் ஆசை என்று கேலி செய்தேன். அந்த வேடம் அத்தைக்குப் போனது. "எங்க குடும்பத்துல" என்று ஆரம்பிக்காமல் பேசவே தெரியாத, அப்பாவின் தங்கைக்கு!

காட்சிப்படி, நீ சாப்பிட்டு முடிக்கும்வரை அத்தை கதவோரம் நிற்க வேண்டும். பிறகு மிச்சத்தை அவள் தட்டில் நீ கொட்ட வேண்டும். பாத்திரத்தை எடுத்தவள் அப்படியே நின்றாய். கொட்டவில்லை.

"உக்காரு அம்மிணி. மொதல்ல நீ சாப்பிடு."

"வசனம் அதில்லீங்க நங்கையா," என்றாள் அத்தை; அண்ணியான உன்னை அவள் அழைப்பது அப்படித்தான்.

தரையைப் பார்த்தபடி சொன்னாய்: கல்யாணத்துக்கு முன்பு சங்ககிரியில் ஒரு லாரி முதலாளி வீட்டில் வேலை செய்ததை, கதவோரம் காத்து நின்று மிச்சத்தைத் தின்றதை. எனக்கே அது புதிது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

"இத்தன வருசமா ஏனுங்க சொல்லல?"

"சொல்லியிருந்தா எங்கூட்டுல பொண்ணு எடுத்திருப்பீங்களா?"

அத்தை பொய் சொல்லவில்லை. "எடுத்திருக்க மாட்டமுங்க." பிறகு, "அப்ப சொல்லாததே நல்லதாப் போச்சு, போங்க," என்று உன் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். இருவரும் அழுதுகொண்டே சாப்பிட்டீர்கள்.

அந்தக் காட்சியை வெட்டிவிடட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும் சாமி, ஊருக்கே காட்டு. இனி யாருகிட்ட மறைக்கோணும்?" என்றாய். இடிச்சத்தம் மட்டும் நான் சேர்க்கவில்லை. உன் முகத்துக்கு அது தேவைப்படவில்லை.

நேற்று உனக்குப் படையல் போட்டோம். எந்த விசேஷத்திலும் முதல் பந்தியில் உட்காரும் அத்தை, நேற்று கதவோரமே நின்றாள். எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை.

"மொதல்ல எங்க நங்கையா சாப்பிடட்டும்."

எனக்கும் இப்போதெல்லாம் பக்கத்தில் யாராவது நின்றுகொண்டிருந்தால் சோறு இறங்குவதில்லை, அம்மா.