ஜன்னல் வழியாகப் பேசுங்கள்

மாமா,

கதவை இடிக்காதீர்கள். வாசல், கொல்லை இரண்டும் வெளியில் பூட்டியாயிற்று. நானும் நம் பையன் இளவழகனும் சிதம்பரம் போகிறோம், சாயங்காலம் வருவோம். அவனுக்குப் பிடித்த சட்டையை அவனே எடுக்கப் போகிறான். இருபத்தேழு வயதில் முதல் தடவை.

குக்கரில் சோறு இருக்கிறது. கருவாட்டுக் குழம்பைச் சுட வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று சேத்தியாத்தோப்பில் பெண் பார்க்கப் போன இடத்தில், "என்னப் புடிச்சிருக்கா?" என்று அந்தப் பெண் கேட்டதும் இவன் உங்கள் முகத்தைப் பார்த்தான். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். வீட்டுக்கு வந்து, "வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?" என்று தெருவே கேட்கக் கத்தினீர்கள்.

அந்த வாயை அடைத்தது யார்? பிளஸ் டூ படிக்கும்போது அவனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுக் கல்யாணத்துக்குப் போனீர்களே. அவன் கூட்டாளிகள் ஜன்னலில் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். "சோறு இருக்கு, ஃபேன் இருக்கு, இன்னா கொறச்சல்?" என்றீர்கள். இன்றைக்கு உங்களுக்கும் இரண்டும் இருக்கிறது.

பத்து மணிக்குத் தரகர் சடையப்பன் வருவார். ஜன்னல் வழியாகப் பேசுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

கலைச்செல்வி

ஜன்னல் திட்டில் வைத்து இதையும் எழுதிப் போடுகிறேன். பூட்டியது நான் இல்லை, அவன்தான். "அப்பாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் பூட்டட்டுமாம்மா?" என்றான். ஆனால் பூட்டிய பிறகு இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான், அப்படியே உங்களைப் போல.