அவள் படித்த முடிவுகள்

பாப்பாவுக்கு,

மண்டி வேலை மதியமே முடிஞ்சிடுது. வூட்டுக்கு வந்தா பொழுது போகலை. உங்கம்மா எனக்குப் படிச்சுக் காட்டின நாவல்களை இப்ப நானே எடுத்துப் படிக்கறேன். ஒவ்வொரு வரியும் அவ குரல்லதான் கேக்குது. கடைசிப் பக்கத்தில மட்டும் அந்தக் குரல் நின்னுடுது.

ஒரு நாவல்ல, சீக்குல கிடந்த வாத்தியார் பொண்டாட்டி பிழைச்சு எழுந்துட்டான்னுதான் உங்கம்மா படிச்சா. புத்தகத்தில அவ செத்துப் போறா. ஆத்துல விழுந்த பையன் கதையும் அப்படித்தான். இதுவரைக்கும் படிச்ச எல்லாத்துலயும் முடிவை மாத்தியிருக்கா.

பாலக்கோட்டு மார்க்கெட்டுல எவனாவது மேல நல்ல தக்காளியை அடுக்கி அடியில அழுகினதை வெச்சா, பெட்டியைத் தூக்கறப்பவே சொல்லிடுவேன். எதிர்ல உக்காந்து படிச்சவளைக் கண்டுபிடிக்க முடியலை.

ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து, "வயித்துல வெறும் புண்ணுங்க, மாத்திரையில ஆறிடுமாம்"னு சொன்னப்பவும் இதே குரல்தான். அன்னைக்குக் கூடப் போனவ நீ. அதைப் பத்தி நான் ஒண்ணும் கேக்கப் போறதில்லை. அம்மா காரியத்துக்கு அப்புறம் நீ வராம இருக்கறது அதனாலதான்னா, அந்தக் கவலை வேண்டாம்.

அவ பாதியில விட்ட புத்தகம் ஒண்ணு இருக்கு. நான் அதைத் தொடலை. ஞாயித்துக்கிழமை வந்து மீதியைப் படிச்சுக் காட்டு. முடிவு மோசமா இருந்தா, உங்கம்மா மாதிரியே மாத்திப் படி. நான் கண்டுக்க மாட்டேன்.

அப்பா